சோறு வடித்த கதையை யார் எழுதுவது? - மன்னாரின் கடல்கடந்த மாணவர்களும் எழுதப்படாத பக்கங்களும்

சில மாதங்களுக்கு முன்பு தாராபுரத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். துருக்கியின் கொன்யா நகரில் புலமைப்பரிசில் பெற்று ஐந்து வருடம் படித்துவிட்டுத் திரும்பியவர். கையில் கணினியில் அச்செடுத்த ஒரு பிரதி, சுமார் எண்பது பக்கம். "நானா, இதுக்கு நீங்க ஒரு முன்னுரை எழுதித் தரணும்" என்றார். முன்னுரை எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நமது வட்டாரத்தில் முன்னுரை என்பது கல்யாண வீட்டு மொய் மாதிரி, கொடுத்தவன் திருப்பி வாங்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும் பிரதியை வாங்கி இரண்டு இரவில் படித்து முடித்தேன்.

முதல் அத்தியாயத்தில் விமான நிலையம். உம்மா அழுகிறார், மகன் அழுகிறார், விமானம் எழும்புகிறது. இரண்டாம் அத்தியாயம் 1990 ஒக்டோபர். இத்தனைக்கும் எழுதியவர் அப்போது பிறக்கவே இல்லை, 1997ல் புத்தளத்தில் பிறந்தவர். மூன்றாவது அத்தியாயத்தில் மௌலானா ரூமியின் அடக்கஸ்தலம். (கொன்யாவுக்குப் போன நம்மவர் ஒருவர்கூட ரூமியைத் தவிர்த்துவிட்டுத் திரும்பியதில்லை.) நான்காவதில் முஸ்லிம் உம்மத்தின் நிலை பற்றிய சிந்தனைகள். கடைசியில் பட்டமளிப்பு விழா, அங்கியும் தொப்பியும், மறுபடியும் உம்மா அழுகிறார். நடுவிலே ஐந்து வருடம் இருக்கிறது. அந்த ஐந்து வருடம் பிரதியில் இல்லை.

அடுத்த முறை சந்தித்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "தம்பி, அங்க அஞ்சு வருஷம் என்ன சாப்பிட்டீங்க?"

அவர் சிரித்தார். "அதெல்லாம் எழுதுறதா நானா?"

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பிலிருந்து தொடங்குகிறது. அவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அவருடைய பிரதியில் இருக்கும் ஓட்டை அவர் போட்டதல்ல. நமது எழுத்து, குறிப்பாக வடபுல முஸ்லிம்களின் எழுத்து, அந்த ஓட்டையை ஒரு மரபாகவே வைத்திருக்கிறது.

மன்னார்த் தீவு படிப்புக்காகக் கடல் கடப்பதன் வாசற்படியாக இருந்த இடம் என்பதை முதலில் நினைவுபடுத்த வேண்டும். 1914ல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பல் சேவை ரயிலோடு இணைக்கப்பட்டு ஆரம்பமானது. கொழும்பில் ரயிலேறியவர் இரவு முழுதும் பயணித்துத் தலைமன்னார் இறங்குதுறையில் இறங்கி, முப்பது கிலோமீற்றர் அளவான கடலைத் தாண்டி, மறுகரையில் காத்திருக்கும் ரயிலில் சென்னைக்குப் போகலாம். சென்னைக் கல்லூரிகளுக்கும் சிதம்பரத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரிக்கும் நமது ஆட்கள் போனது இந்த வழியால்தான். 1964 டிசம்பர் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. அதன்பிறகு இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் வந்துபோனது. எண்பதுகளின் முற்பகுதியில், யுத்தம் தலைதூக்கியதோடு, அதுவும் நின்றது. 1990ல் ரயில் பாதையும் அழிந்தது. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயில் திரும்பி வந்துவிட்டது. கப்பல் வரவில்லை. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து தொடங்கியது காங்கேசன்துறைக்கான கப்பல்.

எழுபது வருடம் எத்தனை ட்ரங்குப் பெட்டிகள் இந்தத் தீவின் ஊடாகப் போய் வந்திருக்கும்! அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருந்தது? மாசியா, கருவாடா, வெங்காயச் சம்பலா? மறுகரையில் விடுதிச் சாப்பாட்டைப் பார்த்து முகம் சுளித்தார்களா? தமிழிலேயே பேசும் ஊரில் தமிழ் பேசி அந்நியனாக நிற்பது எப்படி இருந்தது? இவற்றுக்குப் பதில் சொல்லும் ஒரு நல்ல பக்கம்கூட என் வாசிப்பில் மன்னாரிலிருந்து வந்து சேரவில்லை. மன்னாரின் அன்றாடத்தை எழுத ஆளில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. எஸ். ஏ. உதயனின் ‘லோமியா’, ‘வாசாப்பு’ போன்ற நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்தக் கரை எழுதப்படக்கூடிய கரை என்பது தெரியும். கடல் கடந்து போனவனின் அன்றாடம்தான் எழுதப்படவில்லை.

ஈழத்து முஸ்லிம் உரைநடை ஆரம்பித்ததே அந்நிய ஊரில் வளரும் ஒரு பையனின் கதையோடுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1885ல் சித்திலெப்பை எழுதிய ‘அசன்பேயுடைய கதை’யின் நாயகன் பிறந்த வீட்டிலிருந்து கடத்தப்பட்டு, தனக்குச் சொந்தமில்லாத நகரங்களில் வளர்பவன். அந்த நாவலை முதல் நாவலா இரண்டாவது நாவலா என்று நூறு வருடம் சண்டை பிடித்தோம். அந்தப் பையன் புதிய ஊரில் எப்படி இருக்கப் பழகினான் என்று யாரும் கேட்கவில்லை. சித்திலெப்பைக்கு அதில் அக்கறை இருந்திருக்க நியாயமில்லை. அவருக்குச் சாகசமும் நற்குணமும் கல்வியும் தேவைப்பட்டன. ஒரு பின்தங்கிய சமூகத்தைப் படிக்க வைக்கப் புறப்பட்டவர், கதாநாயகன் எந்தக் கோப்பையில் தேநீர் குடித்தான் என்று நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அவர் அவசரத்தில் விட்டதை அவருக்குப் பின் வந்தவர்கள் விதியாக எடுத்துக்கொண்டார்கள்.

ஏ. எம். ஏ. அஸீஸ் இதற்கு நல்ல உதாரணம். 1930களில் கேம்பிரிட்ஜுக்குப் படிக்கச் சென்று, சிவில் சேவைக்குத் தெரிவானதும் திரும்பி வந்தவர். 1945ல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்து எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். எகிப்தைப் பற்றி ‘மிஸ்ரின் வசியம்’ எழுதினார், கிழக்காபிரிக்கப் பயணத்தையும் நூலாக்கினார். அவருடைய உரைநடையில் ஒரு கம்பீரம் உண்டு, எனக்கு அது பிடிக்கும். ஆனால் அது பயணியின் கண். கல்விக்கூடங்களைப் பார்க்கும், தலைவர்களைப் பார்க்கும், வரலாற்றைப் பார்க்கும். ஒரு நகரத்தில் இரண்டாவது வருடமும் இருக்க வேண்டிய மாணவனின் கண் வேறு. அவனுக்குப் பிரமிட் முதல் வாரத்தோடு முடிந்துவிடும். அதன்பிறகு சலவைக்குக் கொடுத்த சேர்ட் திரும்பி வராததுதான் பிரச்சினை.

இது முஸ்லிம்களுக்கு மட்டுமான குறையுமல்ல. கைலாசபதியும் சிவத்தம்பியும் பர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் படித்தார்கள். அங்கிருந்து நமக்கு வந்து சேர்ந்தவை வீரயுகப் பாடல்கள் பற்றிய ஓர் ஆய்வும், பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய ஓர் ஆய்வும். இரண்டும் ஈழத்து விமர்சனத்தையே மாற்றியவை. ஆனால் பர்மிங்ஹாம் குளிரில் இரண்டு யாழ்ப்பாணத்து மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது அவர்களுடைய நண்பர்களின் வாய்க்கதையாக மட்டுமே நின்றுபோனது. ஆய்வு நூல் அறிவு, அன்றாடம் அரட்டை என்று நாம் பிரித்து வைத்துவிட்டோம்.

மாறாக, இந்தக் காரியத்தைச் செய்தவர்களும் தமிழில் இருக்கிறார்கள். ஏ. கே. செட்டியார் 1930களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக்கலை படித்தவர். அவருடைய பயண எழுத்தில் அலங்காரமே கிடையாது. சின்ன வாக்கியம், பார்த்தது, கேட்டது, கொடுத்த காசு, ஏமாந்த இடம். தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளாத மனிதர் என்பதால்தான் அந்த ஊர்கள் அவருடைய எழுத்தில் பெரிதாகத் தெரிகின்றன. நம்மிடையே அ. முத்துலிங்கம் குடிவரவு அதிகாரியின் மேசையையும் பனிக்காலச் சப்பாத்தையும் பக்கத்து வீட்டுக்காரரின் நாயையும் வைத்துக்கொண்டு கதை சொல்கிறார். சில இடங்களில் நகைச்சுவை அவருடைய கையை மீறி ஓடிவிடுகிறது என்பது என் கருத்து. ஆனாலும் ஒரு மனிதன் புதிய ஊரில் இருக்கப் பழகுவது கதைக்குரிய விஷயம்தான் என்பதை அவர் அளவுக்கு நிறுவியவர் ஈழத்தில் வேறு ஆளில்லை.

அப்படியானால் நமக்கு என்ன தடை? இதற்கு நான் புத்தகங்களிலிருந்து பதில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. என்னிடமிருந்தே தேட வேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு 14 வயது. 1990 ஒக்டோபர் கடைசியில் எருக்கலம்பிட்டிக் கரையிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய பல்லாயிரம் பேரில் நாங்களும் ஒரு குடும்பம். வட மாகாணம் முழுவதிலுமிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் மன்னார் மாவட்டத்தவரே அதிகம். இதைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. கவிதைகளில், முல்லை முஸ்ரிபா போன்றவர்களின் குரல்களில், நினைவுதினக் கட்டுரைகளில், 2011ல் வெளிவந்த பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கையில். எழுதப்பட வேண்டியதுதான். ஆனால் நமது கவிதைகளில் ஒக்டோபர் மாதம் மட்டும் இருக்கிறது, நவம்பர் இல்லை. வெளியேறிய நாள் இருக்கிறது. அதற்கு அடுத்த நாள் காலையில் முகம் கழுவத் தண்ணீர் எங்கே எடுத்தோம் என்பது இல்லை.

நவம்பரில் நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன். ஒரு குழாய்க்கு நாற்பது குடும்பம் என்றால் வரிசையில் எந்த இடத்தில் வாளியை வைத்துவிட்டுப் போகலாம், எந்த இடத்தில் வைக்கக்கூடாது. கிடுகுக் கொட்டிலில் மழை பெய்தால் புத்தகத்தை எங்கே செருகுவது. உள்ளூர்ப் பிள்ளைகள் காலையில் படித்துவிட்டுப் போன வகுப்பறையில் நாங்கள் பின்னேரம் போய் இருக்கும்போது, மேசை லாச்சிக்குள் அவர்கள் விட்டுப்போன பென்சிலைத் தொடாமலிருப்பது. நம்முடைய பேச்சைக் கேட்டுச் சிரிப்பவர்களிடம் அவர்களுடைய பேச்சில் பேசுவது. வாயிலே இரண்டு தமிழ் வைத்திருப்பது. ‘அகதி’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது.

1997ல் மலேசியாவின் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனேன். கொழும்புப் பையன்கள் முதல் மாதம் பட்ட பாடு எனக்கு விளங்கவில்லை. வரிசையில் நிற்பதற்கு அழுதார்கள். நால்வர் படுக்கும் அறைக்கு அழுதார்கள். எனக்கு அது மாளிகை. கூரை ஒழுகவில்லை. எங்கள் விடுதிகளுக்கு ‘மஹல்லா’ என்று பெயர். ஊரிலே பள்ளிவாசல் ஜமாஅத்தைச் சுற்றி இருக்கும் வீடுகளைக் குறிக்க நாம் சொல்லும் அதே சொல். முதல் நாள் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தபோது, யாரோ என்னுடைய தெருவைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே நட்டுவிட்டார்கள் என்று தோன்றியது. மாமாக் கடைகளில் தமிழ் கேட்டது. இராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம்கள், அதாவது எங்கள் கரைக்கு நேர் எதிர்க்கரைக்காரர்கள். ரொட்டி சானாயை வீசிப் போட்டுக்கொண்டே "தம்பி எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். நான் "மன்னார்" என்றதும் ஒருவர் "அட, ராத்திரி எங்க ஊரு கடக்கரையில நின்னா உங்க பக்கத்து வெளிச்சம் தெரியும்ல" என்றார். அவர் பார்த்த வெளிச்சம் எங்களுடையதாக இருக்காது. எங்கள் வீடுகளில் அப்போது ஏழு வருடமாக விளக்கு எரியவில்லை. நான் அதைச் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறிப்போகும் என்று குடித்தேன்.

அதே வருடம் ஆசிய நாணய நெருக்கடி வந்தது. டொலருக்கு இரண்டரை ரிங்கிட் இருந்தது நாலைத் தாண்டிப் போய், 1998 செப்டம்பரில் 3.80 என்று அரசு கட்டிப்போட்டது. இதைப் பொருளாதாரப் பாடத்தில் படித்தவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அதைக் கோழியில் படித்தோம். இரண்டாம் வருடம் ஐந்து பேர் சேர்ந்து வெளியில் வீடு எடுத்திருந்தோம். உள்ளூர்ப் பகுதிநேர வேலையில் வந்த ரிங்கிட் இளைத்துக்கொண்டே போக, கோழி வாரம் இரண்டு தடவையிலிருந்து ஒரு தடவையானது, பிறகு வெள்ளிக்கிழமை மட்டும். ஆனால் வெளியிலிருந்து டொலரில் காசு வருகிற பிள்ளைகளுக்கு அதே நெருக்கடி அதிர்ஷ்டமாக இருந்தது. எனக்கு இரண்டும் நடந்தது. ஏனென்றால் என் ராத்தா குவைத்தில் இருந்தாள்.

இதுதான் நான் எழுதாமல் விட்ட இடம். ராத்தா வீட்டு வேலைக்குப் போனது 1995ல். என்னுடைய விமான டிக்கட்டும் முதல் வருடச் செலவும் அவள் கழுவிய பீங்கான்கள். இரண்டு பேரும் ஒரே காலத்தில் வெளிநாட்டில் இருந்தோம். இரண்டு பேரும் அந்நியர் வீட்டு அடுப்பைப் பழகினோம், அந்நிய மொழியில் "சரி" சொல்லக் கற்றுக்கொண்டோம். என்னுடையதற்குப் பெயர் உயர்கல்வி. அவளுடையதற்கு ஊரில் சொல்லும் பெயர் "வெளிநாட்டுக்குப் போயிருக்கா" என்பது மட்டும், அதுவும் குரலைத் தாழ்த்தி. அவள் கசெற்றில் பேசி முகாமுக்கு அனுப்புவாள். உம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆகவே கடிதத்தை விடக் கசெற்தான் அவருக்கு விருப்பம். லீவில் வந்தபோது அவற்றைக் கேட்டேன். அரை மணித்தியாலம் ராத்தா பேசுகிறாள், சமையல் பற்றி மட்டும். அவர்களுடைய சோற்றில் உலர்ந்த எலுமிச்சை போடுவார்கள், முதலில் பிடிக்கவில்லை, இப்போது பிடிக்கிறது. சின்னப்பிள்ளைக்கு இடியப்பம் செய்து கொடுத்தேன், பயந்துவிட்டது. பின்னணியில் யாரோ கூப்பிடுகிறார்கள், கசெற் நிற்கிறது, மறுபடியும் வேறொரு நாளில் தொடங்குகிறது. நான் ஐந்து வருடத்தில் எழுதிய கடிதங்களில் அப்படி ஒரு வரி இல்லை. நான் எழுதியவை எல்லாம் பரீட்சை முடிவுகளும் ஸலாமும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குறித்த நேரத்தில் உம்மா புத்தளத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடைக்கு வந்து நிற்பார். நான் கார்ட் போட்டு எடுப்பேன். முதல் கேள்வி "சாப்பிட்டியா மகன்?" அந்தக் கேள்விக்கு நான் ஒரு நாளும் உண்மையான பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கோழி சாப்பிட்டேன் என்று சொன்னால், நிவாரண அரிசிக்கும் பருப்புக்கும் கூப்பன் எடுத்துக்கொண்டு போகிறவரிடம் அதை எப்படிச் சொல்வது? சாப்பிடவில்லை என்று சொன்னால் அழுவார். "ஓ, சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு மற்ற விஷயத்துக்குப் போய்விடுவேன்.

என் தலைமுறையின் எழுத்து அந்த "ஓ, சாப்பிட்டேன்" என்ற இடத்தில்தான் நின்றுபோனது என்று இப்போது நினைக்கிறேன். முகாமில் ஒரு குடும்பம் இருக்க, கோலாலம்பூரில் சோறு வடித்த கதையை எழுதுவது வெட்கமாக இருந்தது. அன்றாடம் என்பதே எங்களுக்கு ஆடம்பரமாகத் தெரிந்தது. ஆகவே ஒக்டோபரை எழுதினோம். ஒக்டோபரை எழுதும்போது குற்றவுணர்ச்சி இல்லை, அது எல்லோருக்கும் பொதுவான துயரம். உம்மத்தைப் பற்றி எழுதினோம், அதிலும் யாரும் நம்மைப் பார்த்து "நீ மட்டும் சாப்பிட்டாயா?" என்று கேட்க முடியாது. தாராபுரத்துத் தம்பியின் பிரதியில் அத்தியாயங்கள் ஏன் அந்த ஒழுங்கில் வந்தன என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான். அவர் முகாமில் இருந்ததில்லை என்று சொல்ல முடியாது, அங்கேதான் பிறந்தார். ஆனால் அவருடைய வெட்கம் அவருடையதல்ல, எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டது.

எருக்கலம்பிட்டியில் பிறந்த பேராசிரியர் சா. ஹ. ஹஸ்புல்லாஹ்வை இங்கே நினைக்காமல் போக முடியாது. கனடாவின் வன்கூவரிலுள்ள பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற புவியியலாளர். அந்தப் படிப்பைக் கொண்டுவந்து தன்னுடைய மக்களை எண்ணுவதற்கும் அவர்களுடைய காணிகளை வரைபடத்தில் குறிப்பதற்கும் செலவழித்தவர். வடபுல முஸ்லிம் அகதிகளை மறக்கப்பட்ட மக்கள் என்று தலைப்பிலேயே அழைத்த அவருடைய ஆங்கில நூல் 2001ல் வந்தது. 2018 ஆகஸ்டில் காலமாகும்வரை அவர் அந்த வேலையை விடவில்லை. நமது சமூகம் அவரிடம் எப்போதும் கேட்டவை எண்ணிக்கைகள். எத்தனை குடும்பம், எத்தனை ஏக்கர், எத்தனை வாக்கு. மன்னார்த் தீவிலிருந்து போன ஒரு வாலிபர் வன்கூவரின் ஓயாத மழையில் எப்படித் தன் நாளைக் கழித்தார் என்பதைக் கேட்க எந்தச் சஞ்சிகைக்கும் தோன்றவில்லை. இந்தச் சஞ்சிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு மறுப்பு வரும் என்பது தெரியும். ‘இலக்கியம் என்பது சமையல் குறிப்பா? காணியை இழந்து நிற்கும் சமூகத்துக்கு ரொட்டி சானாய் எதற்கு?’ இதை இடதுசாரி நண்பர்களும் கேட்பார்கள், மௌலவி நண்பர்களும் கேட்பார்கள், இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் ஒற்றுமை. நான் சொல்வது எளிது. 2009க்குப் பிறகு ஊர் திரும்பப் போனபோது நமக்கு என்ன நடந்தது? காணிக்குப் பத்திரம் கேட்டார்கள், பதிவு கேட்டார்கள், எங்கே இருந்தீர்கள் இருபது வருடம் என்று கேட்டார்கள். சிலருக்குப் புத்தளத்திலும் வீடு, மன்னாரிலும் வீடு என்றானது. நாகவில்லிலும் ஓர் எருக்கலம்பிட்டி இருக்கிறது, தீவிலும் ஓர் எருக்கலம்பிட்டி இருக்கிறது, இரண்டிலும் அதே பெயரில் பாடசாலை. ‘இவர்கள் அங்கே வேரூன்றிவிட்டார்கள்’ என்று ஒரு பக்கமும் ‘இவர்கள் இங்கே விருந்தாளிகள்’ என்று மறுபக்கமும் சொன்னபோது, ஒரு மனிதன் இரண்டு இடத்தில் வாழப் பழகுவது எப்படி என்பதைக் காட்ட நம்மிடம் ஒரு நல்ல நாவல் இருக்கவில்லை. மகஜர்கள் இருந்தன. மகஜரைப் படித்து யாரும் யாரையும் அயலவராக நினைத்ததில்லை.

தவிர, அன்றாடத்தை எழுதுவது எளிது என்று நினைப்பதும் தவறு. துயரத்தை எழுதும்போது வாசகர் ஏற்கெனவே நம் பக்கம் இருக்கிறார். சேர்ட் காணாமல் போனதை எழுதும்போது அவரை ஒவ்வொரு வாக்கியத்திலும் சம்பாதிக்க வேண்டும். நமது கவிஞர்களில் பலர் உரைநடைக்கு வந்ததும் தடுமாறுவது இதனால்தான். படிமத்தை எடுத்துவிட்டால் கையில் எதுவும் இல்லை.

தம்பியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "ஒரு நாளை மட்டும் எழுதிக் கொண்டு வாங்க. ரூமி வரக்கூடாது" என்றேன். கொஞ்சம் மனவருத்தத்தோடு போனார். மூன்று வாரம் கழித்து நான்கு பக்கம் அனுப்பினார்.

முதல் வருடம் துருக்கி மொழி மட்டும் படிக்கும் வருடம். டிசம்பர். முதல் பனி. புத்தளத்திலிருந்து கொண்டுபோன கன்வஸ் சப்பாத்தோடு மக்ரிபுக்குப் பள்ளிக்குப் போகிறார். மற்றவர்கள் சப்பாத்தைக் கழற்றி உள்ளே தட்டில் வைக்கிறார்கள். இவர் ஊர்ப் பழக்கத்தில் வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போகிறார். ஈரமான காலுறையோடு தொழுகிறார், ஸுஜூதிலிருந்து எழும்பும்போது கம்பளத்தில் தன்னுடைய பாத அடையாளம் இரண்டு கறுப்பாகத் தெரிகிறது. தொழுது முடித்து வெளியே வந்தால் சப்பாத்துக்குள் பனி நிறைந்து கிடக்கிறது. பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் அந்தச் சப்பாத்தைக் கையில் எடுத்து, கவிழ்த்து, தட்டிக் கொடுக்கிறார். பிறகு கேட்கிறார், "மெம்லெகெட் எங்கே?" சொந்த ஊர் எது என்று கேட்க அந்த நாட்டில் எல்லோரும் பாவிக்கும் சொல் அது. இவர் "ஸ்ரீ லங்கா" என்கிறார். முதியவர் தலையை ஆட்டுகிறார். நாட்டைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கிறேன். வகுப்பில் ‘ஊர்’ என்ற சொல்லைப் படித்தாயிற்று, ‘என்னுடைய’ என்பதையும் படித்தாயிற்று. இரண்டு ஊர் என்று சொல்வதற்கான இலக்கணம் இன்னும் வரவில்லை. தாராபுரமா, புத்தளமா? பனி விழுந்துகொண்டிருக்கிறது, முதியவர் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த நான்கு பக்கத்துக்காக அந்த எண்பது பக்கத்தையும் கொடுத்துவிடலாம். மொழியில் குறைகள் உண்டு. ‘வெண்பனிப் போர்வை’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார், வெட்டச் சொன்னேன், வெட்டிவிட்டார். முதியவரின் கைவிரல்கள் எப்படி இருந்தன என்று ஒரு வரி கேட்டேன், எழுதித் தந்தார். பெருவிரல் நகம் கறுத்திருந்ததாம், தச்சு வேலை செய்பவராம். ஆனால் கடைசிப் பந்தியில் அந்தச் சம்பவத்தை ஹிஜ்ரத்தோடு ஒப்பிட்டு ஐந்து வரி எழுதியிருந்தார். அதையும் எடுக்கச் சொன்னேன். "அது இல்லாட்டி ஊர்ல என்ன எழுதியிருக்கான்னு கேப்பாங்க நானா" என்றார். கேட்பார்கள்தான். எனக்கும் கேட்டிருக்கிறார்கள். அந்த ஐந்து வரி பற்றிய வாதம் எங்களுக்கிடையில் இன்னும் முடியவில்லை.

போன வாரம் தொலைபேசியில் பேசினார். அடுத்த பகுதி எழுதத் தொடங்கிவிட்டாராம். அதில் சப்பாத்து வாங்கப் போகிறார். விலை பேசத் தெரியாமல் கடைக்காரரிடம் விரல் காட்டிய கதை. "நாலு பக்கம் வந்திட்டு நானா, இன்னும் கடைக்குள்ள போகல்ல" என்றார்.